மஸ்கரா முதல் மாஸ்க் வரை



2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று நம் ஊர்களுக்குள் நுழைந்தபோது தமிழ் மொழி சத்தமின்றி ஒரு நுட்பமான வேலையைச் செய்தது. ‘மாஸ்க்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அதுவரை நம்மிடம் இருந்த சொல் ‘முகமூடி’. ஆனால் அரசு அறிவிப்புகளும் நாளிதழ்களும் அச்சொல்லை எழுதத் தயங்கின. முகமூடி என்றாலே தமிழன் மனத்தில் தோன்றுபவன் கொள்ளைக்காரன் அல்லவா! மருத்துவரும் செவிலியரும் அணிவதை அப்பெயரால் அழைக்க மனம் ஒப்பவில்லை. ஆகவே ‘முகக்கவசம்’ என்னும் சொல் நிலைபெற்றது. மறைப்பதற்காக மூடுவது வேறு, காப்பதற்காக மூடுவது வேறு என்று தமிழ் பிரித்துக் காட்டிவிட்டது. ஆங்கிலமோ இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்தால் வழி நேராக மதரஸாவின் அரபு அகராதிக்கு வந்து சேர்கிறது. அல்லது சேர்வதுபோல் தோன்றுகிறது.

‘மாஸ்க்’ ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. பிரெஞ்சு மொழியின் ‘மஸ்க்’ அதற்குத் தாய். இத்தாலிய மொழியின் ‘மாஸ்கெரா’ அதற்குப் பாட்டி. முகமூடி அணிந்து ஆடும் கூத்தைக் குறிக்கும் ‘மாஸ்கரேட்’ என்னும் சொல்லும், வேறொருவராக நடித்து ஏமாற்றுவது என்னும் அதன் பிற்காலப் பொருளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெண்கள் கண்ணிமைக்குப் பூசும் ‘மஸ்காரா’வும் இக்குடும்பத்துப் பிள்ளைதான். இத்தாலிய ‘மாஸ்கெரா’வுக்கும் ஸ்பானிய ‘மாஸ்கரா’வுக்கும் அப்பால் நிற்பது அரபு மொழியின் ‘மஸ்கரா’ என்று மொழியறிஞர்களில் ஒரு சாரார் கருதுகின்றனர். மஸ்கரா என்றால் கேலிக்குரியவன், கோமாளி. அரசவையில் வேடமிட்டுச் சிரிப்பு மூட்டுபவன். உர்தூவிலும் இந்தியிலும் இன்றும் கோமாளிக்கு இதே பெயர்தான்.

ஸிஸிலித் தீவில் 827 முதல் 1091 வரை முஸ்லிம்களின் ஆட்சி இருந்தது. அந்தலூஸிலோ ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள். பருத்தி, சர்க்கரை, எலுமிச்சை ஆகியவற்றின் பெயர்கள் அவ்வழியாகவே ஐரோப்பாவுக்குள் சென்றன. கோமாளியின் பெயரும் சென்றிருக்கக் கூடாதா?

சென்றிருக்கலாம். ஆயினும் இங்கே அவசரப்படக் கூடாது. இத்தாலியின் வட பகுதியை ஆண்ட லொம்பார்டியரின் மன்னர் ரோதாரி 643ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் ‘மஸ்கா’ என்னும் சொல் சூனியக்காரியைக் குறிக்கும் பொருளில் வந்துள்ளது. 643 என்பது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம். இஸ்லாமியப் படை அப்போதுதான் எகிப்தை வென்றிருந்தது; இத்தாலியின் கரையை அரபுகள் எட்டவில்லை. எனவே அந்த ‘மஸ்கா’ அரபிலிருந்து போனதாக இருக்க முடியாது. முகத்தில் கரி பூசிய பேய் உருவத்தைக் குறித்த ஒரு பழைய ஐரோப்பியச் சொல் முன்னரே இருந்தது. பின்னர் கடல்வழி வந்த அரபு ‘மஸ்கரா’ அதனோடு ஒலியாலும் பொருளாலும் கலந்து, இறுதியில் ஒரு ‘ர’கரத்தையும் கோமாளித்தனத்தையும் சேர்த்துவிட்டது என்று கொள்வதே அடியேனுக்குப் பொருத்தமாகப் படுகிறது. அல்லாஹு அஃலம்.

நம்மவர் சிலர் எந்த ஐரோப்பியச் சொல்லைக் கண்டாலும் அதை அரபுக்கு எழுதிவைத்துவிட்டுத்தான் ஓய்கிறார்கள். அது அரபு மொழிக்குப் பெருமை சேர்ப்பதன்று. நான் வசிக்கும் வீராம்பட்டினத்துக்கு அருகிலேயே அரிக்கமேடு இருக்கிறது. பிரெஞ்சு அகழாய்வாளர் கசால் 1949இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் இவ்விரு ஊர்ப் பெயர்களும் இணைந்தே நிற்கும். 1945இல் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. சாடி எங்கே வனையப்பட்டது என்று களிமண்ணைக் கொண்டு சொல்லிவிடலாம். அது எத்தனை கை மாறி வந்தது, எவர் அதை உடைத்தார் என்பதைச் சாடி சொல்லாது. சொற்களும் அத்தகையவையே.

அரபு வேர்ச்சொல்லுக்கு வருவோம். ஸீன், க்ஃகா, ரா என்னும் மூன்றெழுத்துகள். ‘ஸகிர’ என்றால் பரிகசித்தான். சூரத்துல் ஹுஜுராத்தின் பதினொன்றாம் வசனத்தில் ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாமென்று விலக்கப்படும்போதும், பெண்களுக்கும் அதே விலக்கு தனியே கூறப்படும்போதும் பயின்று வருவது இவ்வேரே. சூரத்து ஹூதில் நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டிக்கொண்டிருக்கையில் கடந்து சென்ற ஊர்த் தலைவர்கள் செய்த ஏளனத்துக்கும் இவ்வேரே. அவ்வசனத்தை ஓதும்போது வீராம்பட்டினத்துக் கரையில் படகு பழுது பார்ப்போர் என் கண்முன் வருவதுண்டு. தரையில் நிற்கும் படகு எப்போதுமே சற்று வேடிக்கைப் பொருள்தான், தண்ணீர் வரும்வரை.

வியப்பு என்னவெனில் இதே மூன்றெழுத்திலிருந்துதான் ‘ஸக்கர’ என்னும் வினையும் பிறக்கிறது. வசப்படுத்தினான், பணியவைத்தான் என்பது பொருள். பேருந்திலோ கப்பலிலோ ஏறி அமர்ந்ததும் நாம் ஓதும் பயண துஆவில் வரும் சொல் அது. ஒருவனைக் கேலிக்குரியவனாக்குவதும் அவனைத் தனக்குக் கீழே பணியவைப்பதும் ஒரே வேரில் கிளைத்திருப்பதை அரபு மாணவர்களுக்குச் சொல்லும்போது விளக்கம் தேவைப்படுவதில்லை. பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் சூட்டப்பட்ட எந்தப் பிள்ளைக்கும் அது தெரிந்தே இருக்கிறது.

ஐரோப்பிய மொழிகளிலும் முகமூடி எதிர்பாராத இடங்களில் ஒளிந்திருக்கிறது. மனிதனைக் குறிக்கும் ‘பர்சன்’ என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீன் ‘பெர்ஸோனா’விலிருந்து வந்தது. அதன் தொடக்கப் பொருள், நாடக நடிகன் முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூடி. நயவஞ்சகனைக் குறிக்கும் ‘ஹிப்போக்ரிட்’ கிரேக்கத்தில் நடிகனின் பெயர். நம்மிடம் நயவஞ்சகனுக்குரிய பெயர் ‘முனாஃபிக்’. இதன் படிமமோ மேடையிலிருந்து வந்ததன்று, பாலைவனத்திலிருந்து வந்தது. ‘நஃபக்’ என்றால் சுரங்கவழி. பாலைவன எலி தன் வளைக்கு இரு வாயில் வைக்கும். ஒன்று வெளியே தெரியும், மற்றது மெல்லிய மண் போர்வையால் மறைந்திருக்கும். ஆபத்து வந்தால் மறைவாயிலை முட்டித் திறந்து ஓடிவிடும். அந்த மறைவாயிலின் பெயர் ‘நாஃபிகா’. முனாஃபிக் என்னும் சொல்லை அதனோடு இணைத்தே அரபு அகராதிக்காரர்கள் விளக்குவர். கிரேக்கன் வஞ்சகனிடம் வேடத்தைக் கண்டான். அரபியோ தப்பியோடும் வழியைக் கண்டான். என்னைக் கேட்டால் அரபியின் பார்வையே கூர்மையானது.

முகத்தை மறைத்தோர் இஸ்லாமிய வரலாற்றில் பலவகையினர். கலீஃபா மஹ்தியின் காலத்தில், 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குராஸானைச் சேர்ந்த ஒருவன் மத்திய ஆசியாவில் பெருங்கலகம் செய்தான். வரலாறு அவனை ‘அல்முகன்னஃ’ என்று அழைக்கிறது. முகத்திரையிட்டவன் என்பது பொருள். தன் முகத்தின் ஒளியை மக்கள் தாங்கமாட்டார் என்பதற்காகவே திரையிட்டதாக அவனைப் பின்பற்றியோர் நம்பினர். முகத்தின் விகாரத்தை மறைக்கவே திரை என்று எதிரிகள் சொன்னார்கள். திரை இருந்தவரை இரு தரப்பும் வாதாடிக்கொண்டிருக்க முடிந்தது! வட ஆப்பிரிக்காவின் முராபித்தூன்களோ வேறு வகை. 1086இல் ஸல்லாகா போர்க்களத்தில் வென்ற யூசுஃப் இப்னு தாஷ்ஃபீனின் மக்கள் அவர்கள். அவர்களுடைய ஆண்கள் மூக்கும் வாயும் மறையத் துணி சுற்றியதால் ‘முலஸ்ஸமூன்’ என்று பெயர் பெற்றனர். ஒளிவதற்காக அவர்கள் அதைக் கட்டவில்லை. மணற்காற்று வீசும் ஸஹாராவின் வழக்கம் அது. வெயிலுக்குத் தலையோடு முகத்தையும் துண்டால் சுற்றிக்கொண்டு வலை பிரிக்கும் நம் கரையோர மீனவருக்கும் அவர்களுக்கும் இதில் வேறுபாடு இல்லை.

இனிப் புதுச்சேரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம்மை மறைத்துக்கொண்டு வந்தோரைப் பேணிய ஊர் இதுபோல் தமிழ் நிலத்தில் வேறில்லை. காரணம் எளிது. இங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. பிரிட்டிஷ் வாரண்டு இந்த எல்லையில் செல்லாது. 1908இல் பாரதியார் வந்தார். 1910 ஏப்ரல் 4ஆம் நாள் ‘டூப்ளே’ என்னும் கப்பலில் அரவிந்தர் வந்திறங்கினார். பயணச்சீட்டில் இருந்தது அவர் பெயரன்று, ஜதீந்திரநாத் மித்ரா என்னும் பெயர். அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வந்தவர் வ.வே.சு. ஐயர். இவருடைய வருகையைப் பற்றித்தான் நம் வாசகர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் பாரிஸ்டர் படிப்புக்காக இலண்டன் சென்றவர். அங்கே புரட்சியாளருடன் சேர்ந்தார், அவரைப் பிடிக்க ஆணை பிறந்தது, பாரிஸுக்குத் தப்பினார். தப்பிய பயணத்தில் அவர் சீக்கியர் கோலத்தில் இருந்ததாகவும், உளவாளி ஒருவன் பெட்டியில் பொறித்திருந்த மூன்று முதலெழுத்துகளைச் சுட்டிக்காட்டி மடக்கியபோது ‘வீர் விக்ரம் சிங்’ என்று தயங்காமல் விடை சொன்னதாகவும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஐரோப்பாவிலிருந்து புதுச்சேரிக்கு வந்தபோதோ அவர் அணிந்திருந்தது ஒரு முஸ்லிமின் கோலம். ஆசாரமான அந்தணக் குடும்பத்துப் பிள்ளை தாடியோடு முஸ்லிமாக இக்கரையில் கால்வைத்தார்.

இதை நாம் எவ்வாறு நோக்குவது? நம் கோலத்தை ஒருவர் இரவல் வாங்கியதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. துறைமுகத்தில் ஒரு முஸ்லிம் பயணி வந்திறங்கினால் எவரும் திரும்பிப் பாராத அளவுக்கு அக்காலத்தில் அது இயல்பான காட்சியாக இருந்தது என்பதே இதில் நான் காண்பது. மாறுவேடத்துக்கு உகந்த கோலம் எவரும் உற்றுநோக்காத கோலமாகத்தான் இருக்க முடியும். நாகூரிலும் காரைக்காலிலும் கூடலூரிலும் மரைக்காயர்களின் கப்பல்கள் நூற்றாண்டுகளாகப் போய்வந்த கடல் இது. தாடியும் தொப்பியும் ஐயத்தை விலக்கிய காலம் ஒன்று இருந்தது என்பதை, இன்று விமான நிலையங்களில் தனி வரிசைக்கு அழைக்கப்படும் நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது நல்லது.

ஐயர் இங்கே பத்தாண்டுகள் வாழ்ந்தார். வேடம் வந்திறங்கும்வரைதான். வந்தபின் தம் பெயராலேயே வாழ்ந்தார், எழுதினார். மாறுவேடம் இப்போது மறுபக்கத்துக்குப் போயிற்று. பிரிட்டிஷ் அரசின் ஒற்றர்கள் ஏதேதோ கோலங்களில் இந்தத் தெருக்களில் திரிந்தார்கள். ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய்யான ஆவணங்கள் அடைத்த சாடி ஒன்றைப் போட்டுவிட்டு, பிரெஞ்சுக் காவலருக்கும் துப்புக் கொடுத்தார்கள். அந்தச் சூழ்ச்சி பலிக்கவில்லை. அதைத் தொடர்ந்து அரவிந்தர் வீட்டைச் சோதனையிடப் போன பிரெஞ்சு நீதிபதி, அங்கே கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கண்டு மரியாதையோடு திரும்பினார்.

உயிருக்கு அஞ்சித் தன்னை மறைத்தல் நம் மார்க்க வரலாற்றுக்கு அந்நியமானதன்று. நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் மறைந்திருந்த பின்பே மதீனா நோக்கிப் புறப்பட்டனர். அபூபக்ர் (ரலி) அவர்கள் வணிகராதலால் வழியில் பலருக்கும் அறிமுகமானவர். உடன் வருபவர் யாரென வழிப்போக்கர் கேட்டபோது, தமக்கு வழிகாட்டுபவர் என்று விடையளித்தார்கள். கேட்டவர் பாலைவனப் பாதையை எண்ணிக்கொண்டார். சொன்னவர் எண்ணியதோ நல்வழியை. இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அந்த விடையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சட்ட நூலார் இதனைத் ‘தவ்ரியா’ என்பர்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வேலைக்காகப் பெருநகரம் சென்ற என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “ஹஜ்ரத், பேரைச் சொன்னா வீடு தர மாட்டேங்குறாங்க. வேற பேர் சொல்லிக்கலாமா?” பேசாமல் சிறிது நேரம் இருந்தேன். பெயரை மறைப்பதால் எவருக்கும் தீங்கில்லை. சொன்னால் இவருக்குத் தலைக்கு மேல் கூரையில்லை. ஆனால் வாடகை ஒப்பந்தம் கையெழுத்திடும் காகிதம். அதில் பொய்ப்பெயர் நிற்காது, நிற்கவும் கூடாது. தரகரிடம் பேசும்போது கேளாததைச் சொல்லவேண்டிய கடமை இல்லை, கேட்டபின் பொய் சொல்ல வேண்டாம் என்று அபூபக்ர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைச் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை என்பதைக் குரலில் உணர்ந்தேன். ஏழாவது வீட்டில் அறை கிடைத்தது. அதன் உரிமையாளர் பெயரைக் கேட்டார், கேட்டபின் முன்பணம் எவ்வளவு தருவீர் என்றார், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான பெயர் மறைப்பு இப்போது கைப்பேசிக்குள் பெருகிக் கிடக்கிறது. போலிக் கணக்குகள். முஸ்லிம் பெயரில் பிற சமயத்தாரை இழித்து எழுதும் கணக்குகளில் எத்தனை உண்மையில் முஸ்லிமுடையவை என்பதை யாரும் அறியார். அதே நேரத்தில், நம் பிள்ளைகளே வேறு பெயர்களில் ஒளிந்துகொண்டு இன்னொரு ஜமாஅத்தாரையும் இன்னொரு ஆலிமையும் வசைபாடுவதை நான் அறிவேன். எழுத்துநடையே காட்டிக்கொடுத்துவிடுகிறது, இலக்கணப் பிழைகளுக்கு முகமூடி போட முடிவதில்லை. ஐயரின் வேடம் அவர் உயிரைக் காத்தது. இவர்களின் வேடம் காப்பது நாக்கை மட்டுமே. ‘மஸ்கரா’ என்னும் சொல்லின் முழுப்பொருளை, வேடமும் பரிகாசமும் ஒன்றாகக் கலந்த அந்தப் பழைய பொருளை, அகராதியைவிட இவர்கள் தெளிவாக விளக்குகிறார்கள்.

புனைபெயரெல்லாம் இத்தகையதென்று சொல்லிவிடவும் முடியாது. இதே புதுச்சேரியில் 1891இல் பிறந்த சுப்புரத்தினம் 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். ‘பாரதிதாசன்’ என்னும் பெயர் உலகறிந்தது. அதுவன்றிப் புதுவை ஏடுகளில் அவர் வேறு புனைபெயர்களிலும் எழுதினார். அவற்றுள் ஒன்று ‘கிறுக்கன்’. மற்றொன்று ‘கிண்டல்காரன்’. மஸ்கராவுக்கு இதைவிடச் சரியான தமிழ் மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை! கிண்டல் செய்யப் பெயரை மறைத்தவர், மறைத்த பெயரிலேயே தன் செயலை அறிவித்துவிட்டார். அரசுச் சம்பளத்தில் இருக்கும் ஆசிரியர் மேலிருப்போரைக் கேலி செய்வதும், பெயரற்ற ஒருவன் எளியவனைக் கேலி செய்வதும் ஒன்றல்ல.

பிரெஞ்சுத் தொடர்பைச் சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1954இல் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது; 1962இல் ஒப்பந்தம் சட்டப்படி நிறைவேறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிரான்ஸில் வாழ்கிறார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உளர். 2010 அக்டோபர் 11ஆம் நாள் அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. பொது இடத்தில் முகத்தை மறைக்கும் உடை அணியலாகாது. தண்டம் 150 யூரோ வரை. நிகாப் என்னும் சொல்லோ இஸ்லாம் என்னும் சொல்லோ அச்சட்டத்தில் இல்லை. முகத்தை மறைத்தல் என்பது மட்டுமே குற்றம். 2014 ஜூலை 1ஆம் நாள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

சட்டத்தில் விதிவிலக்குகளும் உண்டு. உடல்நலக் காரணம், தொழில் காரணம், விளையாட்டு. அவற்றோடு திருவிழாக்களும் கலை நிகழ்ச்சிகளும். அதாவது தெருவில் கார்னிவல் கோமாளியாக முகமூடியிட்டு ஆடுவது தடையில்லை. மஸ்கராவுக்கு அனுமதியுண்டு, நிகாபுக்கு இல்லை. பத்தாண்டு கழிந்தது. 2020 ஜூலை 20 முதல் அதே நாட்டில் மூடிய பொது இடங்களில் மூக்கும் வாயும் மறைய முகக்கவசம் அணிவது கட்டாயமாயிற்று. அணியாதவருக்குத் தண்டம் 135 யூரோ. நிகாப் அணிய விரும்பிய ஒரு பெண் அவ்வாண்டில் கடைக்குப் போனால், கண்ணுக்குக் கீழே முகத்தை மறைக்காவிட்டால் 135, தன் நம்பிக்கைக்குரிய துணியால் மறைத்தால் 150.

முகக்கவசக் கட்டாயம் 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டின் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.